மர்லின் மன்றோ பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்

இன்னிக்கு ஒரு படத்தைப் பிடிச்சுக்கிட்டு 1980களின் இத்தாலிக்குள்ள போகலாம். படம் ‘பியான்கா’, 1984. இயக்குநர் நான்னி மொரெத்தி, ஹீரோவும் அவரே. முடிவையும் சொல்லிடுவேன், பார்க்காதவங்க இங்கேயே பாஸ் பண்ணிக்கலாம்.

ஹீரோ பேரு மிக்கேலே அப்பிச்செல்லா. கணக்கு வாத்தியார், தனிக்கட்டை. புது வீட்டுக்குக் குடிவந்த உடனே பாத்ரூம் முழுக்க ஸ்பிரிட் ஊத்திக் கொளுத்துறாரு, கிருமி சாகணுமாம். எதிர்ல வர்றவங்க முகத்தைவிட அவங்க செருப்பையும் ஷூவையும்தான் அதிகம் கவனிக்கிற ஆள்.

அவர் சேருகிற பள்ளிக்கூடத்தின் பேர் ‘மர்லின் மன்றோ’. வகுப்பறையில் ஜனாதிபதி படம் மாட்டவேண்டிய இடத்தில் தீனோ ஸோஃப் படம். 1982 உலகக் கோப்பையை 40 வயசில் கேப்டனா நின்னு ஜெயிச்ச கோல்கீப்பர். சரித்திர வாத்தியார் ஜூக்பாக்ஸில் சினிமாப் பாட்டு மாதிரி பாப் பாட்டைப் போட்டுப் பாடம் நடத்துறாரு. மனநல ஆலோசகர் உண்டு, ஆனா வாத்தியார்களுக்கு மட்டும்!

இந்த ஜோக் ஏன் அங்கே அவ்வளவு வலிச்சது? 1968இல் இத்தாலி மாணவர்கள் பல்கலைக்கழகங்களைக் கைப்பற்றிக்கொண்டு, அதட்டிச் சொல்லித்தரும் கல்வியே வேண்டாம் என்றார்கள். அடுத்த வருஷம் டிசம்பரில் மிலான் வங்கி ஒன்றில் குண்டு வெடித்து 17 பேர் செத்தார்கள். 1978இல் முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோ கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 1980 ஆகஸ்ட் 2, பொலோன்யா ரயில் நிலையத்தில் 85 பேர். அந்தக் காலத்தை இத்தாலிக்காரர்கள் ‘ஈய வருஷங்கள்’ என்பார்கள். தோட்டாவில் இருக்கிற ஈயம். அதற்கப்புறம் ஜனங்க கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதுக்கும் ஒரு பேர் வச்சாங்க, ‘ரிஃப்ளுஸ்ஸோ’. அலை உள்வாங்குறது.

அலை உள்வாங்கின கரையில நிக்கிற ஆள்தான் மிக்கேலே. உலகத்தைத் திருத்த முடியலை, சரி. தெரிஞ்ச நாலு ஜோடிகளாவது பிரியாம இருக்கட்டுமே! நண்பர்கள் ஒவ்வொருத்தரைப் பற்றியும் கார்டு எழுதி அடுக்கி வைக்கிறார், அலுவலக ஃபைல் மாதிரி. (இது என் வாசிப்பு, படம் இதை வாய்விட்டுச் சொல்றதில்லை.)

ஆனா நாடு அவருக்காகக் காத்திருக்கலை. 1970இல் விவாகரத்துச் சட்டம் வந்தது. அதை ரத்து செய்யணுமான்னு 1974இல் பொதுவாக்கெடுப்பு வச்சப்போ, ஏறக்குறைய 59 சதவீதம் பேர் சட்டம் இருக்கட்டும்னுட்டாங்க. பிரிவது சாதாரண விஷயமாகிவிட்டது. மிக்கேலேவால் அதைத் தாங்க முடியவில்லை. தன்னை ஏமாற்றிய நண்பர்களைக் கொன்றே விடுகிறார். சிரிச்சுக்கிட்டே பார்த்துட்டிருந்த நமக்கு அப்போதான் தூக்கிவாரிப் போடும்.

நடுவில் ஃபிரெஞ்சு டீச்சர் பியான்கா மேல காதல். லாரா மொராந்தே நடிச்சிருக்காங்க. அவர்கூட இருந்த ராத்திரி தூக்கம் வராமல், ராட்சச ஜாடியிலிருந்து நியூட்டெல்லா தின்கிற காட்சி இத்தாலியில் ரொம்பப் பிரபலம். காதல் கைகூடிய பிறகு, அது ஒருநாள் உடைஞ்சிடுமேங்கிற பயத்தில் இவரே முந்திக்கொண்டு பியான்காவை விட்டுப் பிரிகிறார். கடைசியில் போலீஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார்.

ஒரு துணுக்கு: அப்பிச்செல்லா என்பது மொரெத்தியோட அம்மா வீட்டுக் குடும்பப் பேர். அவங்களும் டீச்சர்தான்.

அடுத்த வருஷமே ‘லா மெஸ்ஸா எ ஃபினீத்தா’ எடுத்தார். அதுல அவர் பாதிரியார். ஊருக்குத் திரும்பி வந்து நண்பர்களையும் குடும்பத்தையும் சேர்த்துவைக்கப் பார்க்கிறார். யாரும் கேட்கிறதில்லை. இந்தத் தடவை கொலை இல்லை, அங்கியை எடுத்துக்கிட்டு ஊரைவிட்டே கிளம்பிடுறார்.