திருத்தொண்டர் பயிற்சி

கத்தோலிக்கத் திருஅவையின் மூன்று திருப்பட்டங்களுள் முதற்படியான திருத்தொண்டர் பட்டத்துக்குரிய ஆயத்தம். ஆயர், குரு ஆகிய இரண்டும் மேற்படிகள். இப்பட்டம் பெறுவோர் இருவகையினர். குருத்துவத்துக்குப் படித்துக்கொண்டே இடையில் சில மாதங்களோ ஓராண்டோ திருத்தொண்டராக இருப்போர் ஒரு வகை. வாழ்நாள் முழுதும் அப்படியிலேயே நிற்கும் நிலையான திருத்தொண்டர்கள் மற்றொரு வகை. இவர்களுள் பெரும்பாலோர் மணமானவர்கள், பிழைப்புக்கு வேறு தொழில் செய்பவர்கள். திருமுழுக்குக் கொடுக்கவும், திருமணம் நடத்திவைக்கவும், மறையுரை ஆற்றவும், அடக்கச் சடங்கு நடத்தவும் இவர்களுக்கு உரிமை உண்டு. திருப்பலி நிறைவேற்றவும் பாவமன்னிப்பு வழங்கவும் இல்லை. முதல் வகையினரின் பயிற்சி குருமடப் படிப்புக்குள் அடங்கிவிடுகிறது. இக்கட்டுரை பெரிதும் இரண்டாம் வகையினரைப் பற்றியது.

பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதக் கிறித்தவர்கள் முறையிட்டபோது, எருசலேமில் எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் நூலின் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. முதல் திருத்தொண்டர்கள் இவர்களே என்பது மரபு. 2-ஆம் நூற்றாண்டில் ஆயர் இரனேயு அவ்வாறே எழுதினார். ஆனால் அந்த அதிகாரம் அவர்களுக்கு அப்பட்டத்தைச் சூட்டவில்லை என்பதால் அறிஞர் பலர் தயங்குகின்றனர். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம், திருத்தொண்டரை முதலில் சோதித்துப் பார்த்த பின்பே பணியில் அமர்த்த வேண்டும் என்கிறது. அந்தச் சோதனை எத்தகையது என்பதை அது விளக்கவில்லை.

முதல் நூற்றாண்டுகளில் ஆயரின் நிழலில் வளர்வதே பயிற்சியாக இருந்தது. 'திருத்தூதர் மரபு' என்னும் பழைய சடங்கு நூல், திருத்தொண்டர் ஆயரின் பணிக்காகவே திருநிலைப்படுத்தப்படுகிறார் என்கிறது. அந்நூல் உரோமை இப்போலித்துவுடையது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது; இன்று அதன் ஆசிரியர், காலம், ஊர் மூன்றும் விவாதத்துக்கு உரியவை. உறுதியான கணக்கு ஒன்று 251-ஆம் ஆண்டளவில் கிடைக்கிறது. திருத்தந்தை கொர்னேலியு அந்தியோக்கியா ஆயருக்கு எழுதிய கடிதத்தில் உரோமைத் திருஅவையில் 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், 7 துணைத் திருத்தொண்டர்கள், 42 பீடத்துணைவர்கள் இருப்பதாகப் பட்டியலிட்டு, 1,500-க்கு மேற்பட்ட கைம்பெண்களும் ஏழைகளும் திருஅவையால் வாழ்கின்றனர் என்கிறார். ஏழு பேருக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும் என்பதை அந்தக் கடைசி எண் காட்டிவிடுகிறது. 258-இல் கொல்லப்பட்ட இலாரன்ஸ் அத்தகைய எழுவருள் ஒருவர்.

பயிற்சி நூல் என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ 400-இல் தோன்றியது. கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தேயோகிராத்தியாஸ், புதிதாக மறைக்கு வருவோருக்குப் போதிக்கும்போது தம் பேச்சு தமக்கே சலிப்பூட்டுகிறது என்று ஆயர் அகுஸ்தீனிடம் முறையிட்டார். விடையாக அகுஸ்தீன் ஒரு நூலே எழுதினார். கேட்பவர் கொட்டாவி விட்டால் பேச்சை மாற்றி அவர் முகம் மலரச் செய். நெடுநேரம் நிற்பவருக்கு நாற்காலி கொடு. கடல் கடந்த சில திருஅவைகளில் மக்கள் உட்கார்ந்தே கேட்கின்றனர், அது நல்ல வழக்கம் என்றெல்லாம் அதில் அறிவுரை உண்டு. பிற்காலப் பயிற்சி விதிகளில் இவ்வளவு நடைமுறை நுட்பம் காண்பது அரிது.

பின்னர் வயது வரம்புகள் உறுதிப்பட்டன. இரண்டாம் தொலேதோ சங்கம் (527 என்பர் சிலர், 531 என்பர் வேறு சிலர்), பெற்றோரால் திருஅவைக்கு ஒப்படைக்கப்பட்ட சிறுவர்களை ஆயரின் கண்காணிப்பில் ஒரே இல்லத்தில் வைத்துக் கற்பிக்கப் பணித்தது. 18 வயதில் அனைவர் முன்னிலையிலும் அவர்களிடம் மணம் செய்ய விருப்பமா என்று கேட்க வேண்டும். துறவை ஏற்றால் 20-இல் துணைத் திருத்தொண்டர், 25-இல் திருத்தொண்டர். மணமாகாத நிலையான திருத்தொண்டருக்கு இன்றும் 25 வயதே குறைந்தபட்சம். உரோமையில் திருத்தந்தை பெரிய கிரகோரி 595-இல் கூட்டிய சங்கம் வேறொரு பழக்கத்தைக் கண்டித்தது: நல்ல குரல் உள்ளவர்களைப் பாட்டுக்காகவே திருத்தொண்டராக்கி, அவர்கள் வாழ்க்கையைப் பார்க்காமல் விட்டனர். இனித் திருத்தொண்டர் நற்செய்தியை மட்டும் வாசிக்கட்டும், திருப்பாடல்களை மற்றவர் பாடட்டும் என்று அது தீர்ப்பளித்தது. பாஸ்கா புகழுரை பாடுவது இன்றும் திருத்தொண்டரின் பொறுப்பே. குரல் வளம் இல்லாதவர்களுக்கு அதற்கான பயிற்சி எளிதன்று.

இடைக்காலத்தில் திருத்தொண்டர் பட்டம் குருத்துவத்துக்குச் செல்லும் வழியில் ஒரு படியாகச் சுருங்கியது. ஆயினும் அறிஞர் அல்குயின் வாழ்நாள் முழுதும் திருத்தொண்டராகவே இருந்தார். அசிசி பிரான்சிசும் அப்படியே என்பது மரபு. 1223-இல் கிரெச்சியோவில் அவர் திருத்தொண்டர் உடையில் நற்செய்தி பாடியதாக வரலாறு எழுதிய செலானோ தோமா கூறுகிறார், எனினும் அவர் பட்டம் பெற்றது எப்போது என்பதற்குச் சான்று இல்லை.

திரெந்து பொதுச்சங்கத்தின் 23-ஆம் அமர்வு (15 ஜூலை 1563) ஒரே நாளில் இரண்டு ஆணைகள் பிறப்பித்தது. திருத்தொண்டர் முதலான படிகளின் பழைய பணிகளை மீட்க வேண்டும் என்பது ஒன்று. மறைமாவட்டம்தோறும் குருமடம் அமைக்க வேண்டும் என்பது மற்றொன்று. குருமடங்கள் எழுந்தன. முதல் ஆணை ஏட்டோடு நின்றது. திருத்தந்தையின் அரசுச் செயலராக இருந்த கர்தினால் அந்தொனெல்லி (இறப்பு 1876) குருப்பட்டம் பெறாமல் திருத்தொண்டராகவே இறந்தார். ஆனால் அவரது பணி அரசியல்.

நிலையான திருத்தொண்டர் பட்டத்தின் மறுமலர்ச்சி ஜெர்மனியில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது டாக்காவ் வதைமுகாமில் 2,700-க்கு மேற்பட்ட கிறித்தவ ஊழியர்கள் அடைக்கப்பட்டிருந்தனர். பெரும்பாலோர் போலந்துக் குருக்கள். அங்கு நடந்த உரையாடல்களில், குருக்கள் குறைந்த காலத்தில் மணமான ஆண்களைத் திருத்தொண்டராக்கலாமே என்னும் எண்ணம் அலசப்பட்டது. சிறையிலிருந்த இயேசு சபையினர் ஓட்டோ பீஸ் போர் முடிந்தபின் 1947-இல் அதை எழுதினார். இன்னொரு கைதியான வில்ஹெல்ம் ஷமோனி 1953-இல் குடும்பத் தலைவர்களான திருத்தொண்டர்களைப் பற்றி நூல் வெளியிட்டார். சட்ட அறிஞரான பொதுநிலையினர் யோசெப் ஹோர்னெஃபும் இதற்காகத் தொடர்ந்து எழுதினார். மறுமலர்ச்சி முழுவதும் டாக்காவிலேயே பிறந்தது என்பது மிகை. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் இவ்வேண்டுகோள் கேட்டிருந்தது.

அதே முகாமில் கார்ல் லைஸ்னர் என்னும் திருத்தொண்டர் இருந்தார். 1939 மார்ச்சில் பட்டம் பெற்று, நவம்பரில் ஹிட்லர் மீதான கொலை முயற்சி பற்றிச் சொன்ன ஒரு சொல்லுக்காகக் கைதானவர். காசநோய் முற்றியிருந்த அவருக்கு, கைதியாக இருந்த பிரெஞ்சு ஆயர் கப்ரியேல் பிகே 1944 டிசம்பர் 17 அன்று இரகசியமாகக் குருப்பட்டம் அளித்தார். ஆயரின் செங்கோலை மரத்தில் செதுக்கியவரும் கைதியே. லைஸ்னர் நிறைவேற்றியது ஒரே ஒரு திருப்பலி. 1945 ஆகஸ்டில் இறந்தார். நிலையான திருத்தொண்டர் பயிற்சியோடு அவருக்கு நேர்த் தொடர்பில்லை என்றாலும், அவ்வரலாற்றைச் சொல்லும் நூல்கள் அவரை விட்டுவிடுவதில்லை.

பயிற்சியின் தொட்டில் ஃபிரைபுர்க் நகரம். காரித்தாஸ் அமைப்பின் சமூகப் பணியாளர் பள்ளியில் படித்த ஹான்னஸ் கிராமர், 1951-இல் நண்பர்களோடு முதல் திருத்தொண்டர் வட்டத்தைத் தொடங்கினார். பட்டம் கிடைக்கும் என்ற உறுதி எதுவும் இல்லாமலேயே சிலர் கூடிச் செபித்து, மறைநூல் படித்து, ஏழைகள் பணியில் ஈடுபட்டனர். மனைவியரும் கூட்டங்களில் பங்கேற்றனர். பிற நகரங்களிலும் வட்டங்கள் தோன்றின. 1957 அக்டோபரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இவ்வெண்ணம் இன்னும் கனியவில்லை என்றார், வட்டங்கள் கலையவில்லை. இறையியலாளர் கார்ல் ராஹ்னர் அவர்களுக்குத் துணை நின்றார். திருத்தொண்டரின் வேலையைப் பலர் ஏற்கெனவே செய்துவருகின்றனர், அவர்களுக்குப் பட்டத்தின் அருளை ஏன் மறுக்க வேண்டும் என்பது அவர் வாதம். வகுப்பறைக்கு முன்பே பணி வந்தது என்பதே ஃபிரைபுர்க் வட்டத்தின் தனிச்சிறப்பு. பின்வந்த விதிகளில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழானது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் நிலையான திருத்தொண்டர் பட்டத்தை மீட்பது பற்றிய விவாதம் சூடானது. பெல்ஜியத்தின் கர்தினால் சூனென்ஸ் ஆதரித்தார். நியூயார்க்கின் கர்தினால் ஸ்பெல்மன் எதிர்த்தார். பின்னாளில் உலகிலேயே மிகுதியான நிலையான திருத்தொண்டர்களைக் கொண்ட நாடு அமெரிக்காவாயிற்று. 1963 அக்டோபர் 30 அன்று நடந்த வழிகாட்டு வாக்கெடுப்பில் 1,588 பேர் சரி என்றனர், 525 பேர் கூடாது என்றனர். மறு ஆண்டு முதிர்ந்த மணமானவர்களுக்குப் பட்டம் தருவது 1,598-க்கு 629 என்று நிறைவேறியது. இளைஞர்களுக்கு மணத்துறவு வேண்டாம் என்ற யோசனை 839 வாக்கு மட்டும் பெற்றுத் தோற்றது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1967 ஜூன் 18 அன்று நெறிமுறைகளை வெளியிட்டார்: மணமாகாதவர்க்கு 25 வயது, மூன்றாண்டுப் பயிற்சி, மணமானவர்க்கு 35 வயது, மனைவியின் இசைவு, பட்டம் பெற்றபின் மணம் செய்ய இயலாது. 1968 ஏப்ரல் 28 அன்று கொலோன் பேராலயத்தில் துணை ஆயர் அகுஸ்தீனுஸ் ஃப்ரோட்ஸ் ஐவரைத் திருநிலைப்படுத்தினார். வேலைக்குப் போகிறவர்கள் படிக்க வழி வேண்டியிருந்தது. வூர்ட்ஸ்புர்கிலிருந்து 1970 முதல் அஞ்சலில் நடந்த இறையியல் படிப்பு ஜெர்மன் மொழி வட்டாரத்தில் அந்தத் தேவைக்குப் பெரிதும் உதவியது.

1983-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டமும், 1998 பிப்ரவரி 22 அன்று உரோமை வெளியிட்ட பயிற்சி விதித்தொகுப்பும் இன்றைய அமைப்புக்கு அடிப்படை. அறிமுகக் காலம் ஒன்று. அதன்பின் குறைந்தது மூன்றாண்டு. இறையியல் வகுப்புகள் 1,000 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. மனிதப் பண்பு, ஆன்மிகம், கல்வி, மேய்ப்புப் பணி என்று நான்கு கூறுகள். இடையே வாசகர், பீடத்துணைவர் பணிகளை ஏற்க வேண்டும். பீடத்துணைவரானபின் ஆறு மாத இடைவெளி, பட்டத்துக்கு முன் ஐந்து நாள் தியானம். தம் விருப்பத்தைத் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டு ஆயரிடம் தர வேண்டும். அமெரிக்க மறைமாவட்டங்கள் பலவற்றில் வகுப்புகள் வார இறுதியில் நடக்கின்றன. மனைவியரும் உடனிருந்து கேட்கின்றனர்.

மெக்சிகோவின் சான் கிறிஸ்தோபல் மறைமாவட்டம் தனி வழி சென்றது. ஆயர் சாமுவேல் ரூயிஸ் காலத்தில் மாயா ஊர்கள் தாங்களே தம்பதியரைத் தெரிந்தெடுத்தன. பல ஆண்டு ஊர்ப்பணிக்குப் பின்பே கணவருக்குப் பட்டம். எண்ணிக்கை முந்நூறைக் கடந்தபின் 2002-இல் உரோமை திருநிலைப்பாடுகளை நிறுத்தியது; 2014-இல் தடை நீங்கியது.

2022 இறுதியில் உலகில் 50,000-க்குச் சற்று மேற்பட்ட நிலையான திருத்தொண்டர்கள் இருந்தனர்; ஆசியாவின் பங்கு மிகச் சிறிது. இந்தியாவில் மும்பை உயர்மறைமாவட்டத்தில் இவர்கள் உள்ளனர். தமிழ்நாட்டுப் பங்குகளில் காணப்படும் திருத்தொண்டர் பெரும்பாலும் பூவிருந்தவல்லி, திருச்சி போன்ற இடங்களிலுள்ள குருத்துவக் கல்லூரிகளில் படிப்பவரே. அதுவரை 'பிரதர்' என்று அழைக்கப்பட்டவர், சில மாதங்கள் 'டீக்கன்' ஆகி, பின்பு 'ஃபாதர்' ஆகிவிடுகிறார். பெண்களைத் திருத்தொண்டராக்குவது பற்றி ஆராயத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இலும் 2020-இலும் குழுக்கள் அமைத்தார்.