கிங்ஸ்டனில் பிரிந்த பாட்டு

ஒரு பாட்டை நான்கு பகுதிகளாகப் பிரித்து ஒரே கோப்பில் டிஜேக்குத் தரும் ‘ஸ்டெம்ஸ்’ வடிவத்தை நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2015-இல் கொண்டுவந்தது. கணினி யுகத்தின் வரவு என்று அதைச் சொல்கிறார்கள். ஜமைக்காவின் பழைய வழக்கம் என்பதே என் கட்சி. 1960-களின் பிற்பகுதியிலேயே, கிங்ஸ்டனில் ட்ரெஷர் ஐல் ஒலிப்பதிவுக் கூடத்தின் பாடல்கள் குரல் நீக்கி அசிட்டேட் தட்டில் வெட்டப்பட்டன. அடுத்த பத்தாண்டில், மின்கருவி பழுதுபார்ப்பவரான கிங் டப்பி, நான்கு தடக் கலவைப் பலகையில் டிரம்ஸையும் பேஸையும் முன்னிறுத்தி, குரலை ஓரிரு சொற்களோடு எதிரொலியில் கரையவிட்டார்.

அவர் பிரித்தது ஒலிப்பதிவுக் கூடத்தில்தானே, மேடையில் அல்லவே எனலாம். உண்மைதான், தட்டில் பதிந்த கலவையை மறுபடி கலைக்க அன்று வழியில்லை. ஆனால் அந்தத் தட்டு போனது, பெரிய ஒலிபெருக்கிகளை வைத்துப் பாட்டு போடும் ‘சவுண்ட் சிஸ்டம்’ நடனக் களத்துக்கு. குரல் விட்டுப்போன இடத்தை யு-ராய் போன்றோர் மைக்கில் பேசிப் பேசியே நிரப்பினார்கள். கடைசிக் கலவை கூட்டத்தின் முன்னால்தான் முடிந்தது.