மெஷ் வைஃபை அடிக்கடி துண்டிக்கப்படுவது ஏன்?

ஐதராபாத்தின் பாலாநகர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், கான்கிரீட் சுவர்களைத் தாண்டி இணையம் கிடைப்பதற்காக மெஷ் வைஃபை பொருத்தப்படுகிறது. அதன் பிறகும் காணொலி அழைப்பு பாதியில் அறுந்தால், பழி பெரும்பாலும் இணையச் சேவை நிறுவனத்தின் மீதே விழுகிறது. மடிக்கணினியை மோடத்துடன் கேபிள் மூலம் இணைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வைஃபை துண்டிக்கப்படும் நேரத்திலும் கேபிளில் இணையம் வந்தால், கோளாறு வீட்டுக்குள்தான் உள்ளது.

சிக்னல் இல்லாத அறையிலேயே துணைக் கருவியை வைப்பது பரவலான தவறு. தனக்கே சிக்னல் கிடைக்காத கருவி பிறவற்றுக்கு எதை அளிக்கும்? முதன்மை ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில் வைக்க வேண்டும். மோடத்தின் வைஃபையும் அதே பெயரில் இயங்கினால் அதை அணைத்துவிடலாம்.

அதிகம் அறியப்படாத காரணம் ரேடார். 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இந்தியா 2018-ல் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அதில் 5250-5350, 5470-5725 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் துடிப்பு என்று கருதும் அலையை உணர்ந்தவுடன் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு விலகும். 30 நிமிடங்களுக்குத் திரும்பாது. இந்த மாற்றத்தின்போது கருவிகளுக்கு இடையிலான தொடர்பு அறுபடக்கூடும். 36 முதல் 48 வரையிலான சேனல்களில் இச்சிக்கல் இல்லை.

சேனலைத் தேர்ந்தெடுக்க அனுமதிக்காத மெஷ் கருவிகளும் உள்ளன. அத்தகைய வீடுகளில் துணைக் கருவியை ஈதர்நெட் கேபிள் மூலம் முதன்மை ரவுட்டருடன் இணைப்பதே நிலையான வழி.