ஃபோர்டு: ஒரு பெயர் பட்ட பாடு

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்து முதியவர்கள் மோட்டார் காரை ‘பிளஷர்’ என்று குறிப்பிடுவதை நாம் கேட்டிருக்கிறோம். பஸ்ஸும் லாரியும் பிழைப்புக்கு ஓடுபவை. சொந்தச் சவாரிக்கு வைத்துக்கொள்ளும் வண்டி இன்பத்துக்கானது. வெள்ளைக்காரன் அவ்விதமே பிரித்துப் பேசினான். நம்மவர் நாவில் அது பிளஷர் ஆயிற்று. பருத்திப் பொதியும் வத்தல் மூட்டையும் ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசை பிடித்து நின்ற வீதிகளில் பிளஷர் ஒன்று வந்து நின்றால், இறங்குபவர் ஜமீன்தாராகவோ மில் முதலாளியாகவோதான் இருக்க முடியும். ஆனால் அந்த பிளஷர்களில் மிகப் பெயர்பெற்றதான ஃபோர்டு இன்பத்துக்காகப் பிறந்ததன்று. குடியானவன் வயலுக்கும் சந்தைக்கும் போய்வருவதற்கென்று ஒரு குடியானவனின் மகன் செய்த வண்டி அது. நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் அது துரைத்தனம் பெற்றுவிட்டது. ஒரு பெயர் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் எவ்வளவு வேடங்கள் புனைகிறது என்பதற்கு ஃபோர்டைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பதரிது.

ஹென்றி ஃபோர்டு 1863இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் என்னும் சிற்றூரையடுத்த பண்ணையொன்றில் பிறந்தார். ஏர் பிடிப்பதில் அவருக்கு மனம் செல்லவில்லை; கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதில் சென்றது. 1903இல் தம் பெயரால் நிறுவனம் கண்டார். 1908இல் வெளிவந்த ‘டி மாடல்’ வண்டிதான் உலகைப் புரட்டிப் போட்டது. அன்று அதன் விலை 850 டாலர். 1920களின் நடுவில் அதே இன வண்டி 260 டாலருக்குக் கிடைத்தது. எல்லாப் பொருளும் விலையேறிய காலத்தில் இது மட்டும் இறங்கியதெப்படி? 1913இல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் அவர் அமைத்த நகரும் வரிசையே அதற்குக் காரணம். ஆள் வண்டியைத் தேடிப் போகாமல், வண்டி ஆளைத் தேடி வந்தது. ஒருவன் மரையாணியை நுழைப்பான். அடுத்தவன் அதை முறுக்குவான். வேறொன்றும் அவன் செய்ய வேண்டியதில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த அடிச்சட்ட வேலை ஒன்றரை மணி நேரமளவில் முடிந்தது.

சிவகாசி வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குச்சியைச் சட்டத்தில் அடுக்க ஒரு கை, மருந்தில் முக்க ஒரு கை, பெட்டி ஒட்ட ஒரு கை, லேபிள் ஒட்ட ஒரு கை என்று தீப்பெட்டி ஆபீஸில் வேலை பங்கிடப்படுவதை அவர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கண்டவர்கள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் பயின்று திரும்பி, ஜெர்மானிய இயந்திரங்களை வருவித்தே முதலில் தொழில் தொடங்கினார்கள். பின்னரே இத்தொழில் கைவேலையின் பக்கம் திரும்பிற்று. மழை பொய்த்த கரிசல் காட்டில் இயந்திரத்தைவிட மனிதக் கை மலிவாயிருந்தது. ஃபோர்டின் ஊரிலோ கைக்குத்தான் பஞ்சம். ஒரே வேலையை நாள் முழுதும் செய்யச் சலித்து ஆட்கள் ஓடிக்கொண்டேயிருந்தார்கள். 1913இல் சுமார் 14,000 பேரை வேலையில் நிறுத்திவைக்க 50,000 பேருக்கு மேல் அமர்த்த வேண்டியதாயிற்று. ஒரே விதமான வேலைப் பங்கீடு, ஓரிடத்தில் கூலியை ஏற்றியது. மற்றோரிடத்தில் குழந்தைகளின் கைகளைத் தேடிப் போனது.

1914 ஜனவரியில் ஃபோர்டு தம் ஆட்களுக்கு நாள் ஒன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். அதுவரை 9 மணி நேர வேலைக்குக் கிடைத்தது 2 டாலர் 34 சென்டு. இனி 8 மணி நேரத்துக்கு 5 டாலர்! மறுநாளே தொழிற்சாலை வாயிலில் ஆயிரக்கணக்கானோர் குழுமினர். அந்தச் செய்தி கடல் கடந்தது. உஸ்மானியப் பேரரசின் ஆட்சியிலிருந்த சிரியா, லெபனான் மலைக் கிராமங்களுக்கும் எட்டிற்று. முதலில் வந்தவர்களில் கிறித்தவர்கள் மிகுதி. அவர்களோடும் அவர்களைத் தொடர்ந்தும் முஸ்லிம்கள் வந்தனர். பிறகு ஏமன் நாட்டவரும் வந்தனர். 1916ஆம் ஆண்டளவில் ஃபோர்டு சம்பளப் பட்டியலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அரபியர் இருந்தனர். பகலெல்லாம் இரும்போடு போராடிய அந்தச் சகோதரர்கள், தொழுவதற்கு ஓரிடம் வேண்டுமென்று எண்ணினார்கள். ஹைலண்டு பார்க் தொழிற்சாலைக்கு அண்மையிலேயே 1921இல் ஒரு பள்ளிவாசல் எழும்பிற்று. பணம் போட்டவர் முஹம்மது கரூப். இமாமாக நின்றவர் அவர் சகோதரர் ஹுஸைன் கரூப். பள்ளிவாசலுக்கென்றே அமெரிக்காவில் கட்டப்பட்ட முதற் கட்டடங்களுள் ஒன்று அது. சில ஆண்டுகளே அது நிலைத்தது என்பது வருந்தத்தக்கது. ஆயினும் ஃபோர்டின் பெருந்தொழிற்சாலை டியர்பார்னில் ரூஜ் ஆற்றங்கரைக்கு மாறியபோது நம்மவரும் உடன் மாறினர். 1930களின் இறுதியில் அங்கே டிக்ஸ் வீதியில் எழுந்த பள்ளிவாசலில் இன்றும் ஜும்ஆ நடைபெறுகிறது. பிழைப்புக்குச் சென்ற இடத்தில் முதலில் பள்ளிவாசலுக்கு இடம் தேடுவது பினாங்கிலும் கொழும்பிலும் ரங்கூனிலும் நம் முன்னோர் செய்ததே ஆகையால், இச்செய்தி நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

ஐந்து டாலர் சும்மா கிடைத்துவிடவில்லை. தொழிலாளி குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறானா என்று பார்க்க நிறுவனம் ஆட்களை வீடு வீடாக அனுப்பிற்று. அவர்கள் நற்சான்று தந்தால்தான் முழுத் தொகை. கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கப் பணித்த மார்க்கத்தைச் சேர்ந்த நாம், கூலியை உயர்த்தியவரைப் பாராட்டக் கடமைப்பட்டவர்கள். ஆனால் கூலி கொடுப்பவன் அடுப்பங்கரை வரை வந்து எட்டிப்பார்ப்பதை எந்த நாட்டு உழைப்பாளியும் விரும்பமாட்டான்.

இனி, இக்கதையின் இருண்ட பக்கத்துக்கு வருவோம். செல்வம் பெருகியதும் ஃபோர்டு ‘டியர்பார்ன் இண்டிபென்டன்ட்’ என்னும் வார ஏட்டை வாங்கினார். 1920 மே முதல் அதில் யூதர்களுக்கு எதிராக இதழ் தவறாமல் கட்டுரைகள் வந்தன. உலகத்துத் தீமைகள் அனைத்துக்கும் ஒரு சிறு சமூகமே காரணம் என்று அவை கூறின. கார் விற்கும் முகவர்கள் அந்த ஏட்டையும் விற்கும்படி நெருக்கப்பட்டனர். கட்டுரைகள் நூலாகத் தொகுக்கப்பட்டு ஜெர்மன் மொழியிலும் பரவின. அவதூறு வழக்கொன்று தொடுக்கப்பட்ட பின் 1927இல் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டார், ஏடும் நின்றது. எனினும் 1938இல் ஹிட்லரின் அரசு அளித்த உயர் விருதை அவர் ஏற்றுக்கொண்டார். கேட்ட மன்னிப்பு எத்தனை ஆழமானது என்பதை அந்தப் பதக்கமே காட்டும்.

‘யூதரைப் பற்றி எழுதியதற்கு நமக்கென்ன?’ என்று கேட்பவர் நம்மிடையே இல்லாமலில்லை. பாலஸ்தீனத்தில் நடந்ததையும் நடப்பதையும் எண்ணி அவ்வாறு கேட்கிறார்கள். அக்கேள்வியை நாம் ஏற்பதற்கில்லை. ஓர் அரசின் கொடுமையைக் கண்டிப்பது வேறு. ஒரு சமூகத்தில் பிறந்த ஒவ்வொருவரையும் சதிகாரர் என்று அச்சிட்டு வீடுதோறும் போடுவது வேறு. அந்த இரண்டாவது வித்தையை எந்த ஊரிலும் எந்தச் சமூகத்தின் பெயரைப் போட்டும் நடத்தலாம்; எழுத்தை மாற்றிக் கோக்க வேண்டிய அவசியமே இல்லை, பெயரை மட்டும் மாற்றினால் போதும். நம்மைப் பற்றியும் அவ்விதம் அச்சாகும் காலங்களைக் கண்டவர்கள் நாம். ஃபோர்டின் கூலியை வாங்கி ஹைலண்டு பார்க்கில் தொழுத நம் சகோதரர்கள் அந்த ஏட்டைப் பார்த்திருப்பார்களா, பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை எண்ணாமலிருக்க முடியவில்லை.

இதே மனிதர் 1941 ஜூலையில் காந்தியடிகளுக்கு வியந்து ஒரு கடிதம் எழுதினார் என்பது பலர் அறியாதது. டி. ஏ. ராமன் என்ற பத்திரிகையாளர் அதைக் கொணர்ந்து சேர்க்க, காந்தியடிகள் தாம் கையொப்பமிட்ட இராட்டையொன்றை ஃபோர்டுக்கு அனுப்பினார். இயந்திரப் பேரரசருக்கு இராட்டை! அவருடைய தொழிற்சாலைகள் குண்டுவீச்சு விமானம் செய்ய ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளை அது.

காலம் இன்னும் ஒரு வேடிக்கை காட்டிற்று. ஹென்றி ஃபோர்டு 1947இல் மறைந்தார். அவர் பேரனின் நிர்வாகத்தில் நிறுவனம் இஸ்ரேலில் வண்டி பூட்ட அனுமதி தந்தது. அதற்காக 1966இல் அரபு நாடுகள் ஃபோர்டைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தன. பாட்டனார் யூதப் பகைவர். பேரனார் இஸ்ரேலின் நண்பரெனத் தடை! 1970களில் வளைகுடாவுக்குப் பிழைக்கச் சென்ற நம் இளைஞர்கள் செவர்லேயையும் டொயோட்டாவையும் பார்த்துப் பழகி, ஃபோர்டை அறியாமலே ஊர் திரும்பியதற்கு இதுவே காரணம். 1980களில்தான் தடை நீங்கிற்று.

இனி நம் நாட்டுக் கதை. 1926இல் ஃபோர்டின் கனடா நிறுவனம் இந்தியாவில் கிளை அமைத்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் சுங்கச் சலுகை உண்டாதலால், உறுப்புகள் கனடாவிலிருந்து பெட்டிகளில் வந்திறங்கி, பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களில் பூட்டப்பட்டன. தென் மாவட்டங்களுக்கு அது காராக வந்ததைவிட, மேலே மரக்கூடு கட்டிய பஸ்ஸாகவும் லாரியாகவும் வந்ததே பெரிது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அரிதானபோது மதுரை டி.வி.எஸ். நிறுவனம் செய்த கரிவாயுக் கலன்களைச் சுமந்து பல பஸ்கள் புகை கக்கிக்கொண்டு ஓடியதைப் பாட்டனார்கள் சொல்லக் கேட்டவர்கள் உண்டு. விடுதலைக்குப் பின், பூட்டினால் மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று அரசு வற்புறுத்தியதும் ஃபோர்டு 1950களின் நடுவில் கடையைக் கட்டிக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸும் அவ்வாறே சென்றது. அதன்பின் பல ஆண்டுகள் அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் உரியவை.

1995இல் மகிந்திரா நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஃபோர்டு மறுபடியும் வந்தது. செங்கற்பட்டுக்கு இப்பால், மறைமலைநகரில் தொழிற்சாலை எழுந்தது. வடசொல்லையும் பிறசொல்லையும் தமிழிலிருந்து களைய வாழ்நாளை ஈந்த அடிகளாரின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து 1999இல் ‘ஐகான்’, 2010இல் ‘ஃபிகோ’, 2013இல் ‘ஈகோஸ்போர்ட்’ என்னும் வண்டிகள் புறப்பட்டன! ஃபோர்டின் முகம் மீண்டும் மாறிற்று. துரையின் பிளஷர் அன்று. வங்கிக் கடனில் வாங்கும் நடுத்தரக் குடும்பத்து வண்டி. ‘இரும்பு கனம், நெடுஞ்சாலையில் அசையாது’ என்று சொந்தக்காரர்கள் புகழ்ந்தார்கள், ‘உதிரி உறுப்பு விலை கூடுதல்’ என்று அவர்களே குறைப்பட்டும் கொண்டார்கள். விற்பனை மட்டும் மாருதியையும் ஹூண்டாயையும் எட்டவேயில்லை.

2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் வண்டி உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டு நட்டம் 200 கோடி டாலருக்கு மேல் என்றது. சென்னை, சானந்து இரண்டிலுமாகச் சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றும் கூறிற்று. மறைமலைநகர்த் தொழிலாளர்கள் 2022இன் கோடையில் நியாயமான இழப்பீடு கேட்டுப் போராடினர். அவ்வாண்டு ஜூலையில் கடைசி வண்டி வெளியேறிற்று. அன்று வாயிலில் நின்றவர்களுள் பலர் நாற்பதை நெருங்கியவர்கள். வாழ்வில் வேறு தொழில் அறியாதவர்கள்.

அவர்களுடைய நிலையை நம் பட்டாசு வட்டாரம் உணரும். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசியைச் சுற்றியே செய்யப்படுகிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தபோது, டில்லியில் எழுதப்பட்ட சில வரிகளால் இங்கே பல ஆயிரம் அடுப்புகள் தணிந்தன. காற்று மாசையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஊரையே ஒரு தொழிலின் தலையில் கட்டிவைத்தவர்கள் மாற்று வழி எதையும் காட்டவில்லை. பெயரைப் பொறுத்தும் சிவகாசி பட்டபாடு சிறிதன்று. ‘குட்டி ஜப்பான்’ என்று புகழப்பட்ட ஊர், 1980களில் குழந்தைத் தொழிலாளர் என்ற சொல்லுக்கு மறுபெயராயிற்று. 1986இல் சட்டமும், 1991, 1996 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் வந்தன; பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள். வெளியூரார் மனத்திலோ பழைய படமே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெயருக்கு விலை உண்டா என்று கேட்போருக்கு ஃபோர்டே விடை தந்திருக்கிறது. 2006இல் நிறுவனம் நொடித்துவிடும் நிலைக்கு வந்தபோது, 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கிற்று. ஆலைகளோடு, நீலநிற நீள்வட்டத்துக்குள் எழுதிய தன் பெயர்ச் சின்னத்தையும் ஈடு வைத்தது. பெயரையே அடகு வைத்ததனால் 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் திவாலானபோது ஃபோர்டு தப்பிற்று. 2012இல்தான் அந்தச் சின்னம் ஈட்டிலிருந்து மீண்டது.

யூத வெறுப்பு ஏடு அச்சான டியர்பார்னில், 2020 கணக்கெடுப்பின்படி மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அரபு நாடுகளையும் அவற்றின் அண்டையையும் பூர்விகமாகக் கொண்டவர்கள். ஃபோர்டின் தலைமையகம் இன்றும் அங்கேதான். லெபனான் வழிவந்த அப்துல்லாஹ் ஹம்மூத் 2022 ஜனவரியில் அந்நகர மேயரானார். அப்பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் அவர்.

மறைமலைநகர் ஆலையை ஃபோர்டு விற்கவில்லை. ஏற்றுமதிக்காக அதைத் திறக்க விரும்புவதாக 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்கு எழுத்து மூலம் தெரிவித்தது. 2025 அக்டோபர் 31இல் 3,250 கோடி ரூபாய்க்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. செய்யப்போவது காரன்று, இயந்திரம் மட்டுமே, ஆண்டுக்கு 2,35,000. உற்பத்தி 2029இல் தொடங்கும் என்கிறார்கள். இங்கே ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபிகோக்களுக்கும் ஈகோஸ்போர்ட்டுகளுக்கும் உதிரி உறுப்பும் பழுதுபார்ப்பும் தொடரும் என்ற உறுதியை நிறுவனம் வெளியேறும்போதே தந்திருந்தது. வாங்கியவர்கள் அதை நம்பித்தான் வண்டியை வைத்திருக்கிறார்கள்.