பணிமனை போன பின் நாகை

திருவாரூர் வழியாகத் தஞ்சைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1861-இல் திறக்கப்பட்டபோது அதன் தொடக்கம் நாகப்பட்டினம். பின்னர் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனையும் அங்கே அமைந்தது. நெல் விளையும் கடைமடையில் இரும்பு வேலை கற்ற ஒரு தொழிலாளர் கூட்டம் உருவானது இப்படித்தான். டெல்டா என்றதும் வயலையும் கோயிலையுமே நினைக்கும் நாம் இதை மறந்துவிட்டோம்.

1920-களின் இறுதியில் பணிமனை திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாறியது. கூடவே ஆட்குறைப்பும் வந்தது. 1928 ஜூலையில் சிங்காரவேலர் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. தலைவர்கள் சிறை சென்றனர். பொன்மலை வளர்ந்தது. நாகை துறைமுகத்தை நம்பி நின்றது. மலேயா, சிங்கப்பூர் பயணிகள் கப்பல்கள் ஓய்ந்ததும் அதுவும் தளர்ந்தது.

மீட்சிக்கான அறிகுறிகள் இல்லாமல் இல்லை. திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் 2019-இல் ரயில் ஓடத் தொடங்கியது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. ஆயினும் அன்று ஊரை வாழவைத்தது பாதையின் முனையில் இருந்த பட்டறை. இங்கு விளையும் நெல்லையும் பிடிபடும் மீனையும் இங்கேயே பண்டமாக்கும் வேலை வராதவரை, புதிய பாதைகள் நம் பிள்ளைகளைத் திருப்பூருக்கும் சென்னைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவே பயன்படும்.