தீப்பெட்டி லேபிள் பிறந்த கதை

எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களே பெரும்பாலோராக இருந்த நாட்டில் தீப்பெட்டிக்குப் பெயர் வைத்து என்ன பயன்? படம்தான் வைக்க வேண்டும். கடைக்குப் போகிற பிள்ளைக்கு யானையைத் தெரியும், கப்பலைத் தெரியும், கிளியைத் தெரியும். சொன்ன படத்தைக் கேட்டு வாங்கி வந்துவிடும். இரண்டு விரல் அகலத் தாளில் அச்சான அந்தப் படம்தான் லேபிள்.

நம் ஊருக்கு அது முதலில் கப்பலில் வந்தது. ஸ்வீடனிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வந்த பெட்டிகளில் நம் ராஜாக்களும் தெய்வங்களும் இருந்தார்கள். முதல் உலகப்போரில் ஐரோப்பியச் சரக்கு தடுமாற, அந்த இடத்தை ஜப்பான் பிடித்தது. ஷிமிசு மகோடோ 1876-ல் டோக்கியோவில் தொடங்கிய தீக்குச்சித் தொழில், கோபேயிலும் ஒசாகாவிலும் பெருகி இந்தியச் சந்தைக்கென்றே படம் வரைகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. அவர்கள் ஸ்வீடன் லேபிள்களைப் பார்த்தும் போட்டார்கள். பதக்கங்கள், சட்டம், நிறம் எல்லாம் அப்படியே இருக்கும்; எழுத்தில்தான் வேறுபாடு தெரியும். பழைய லேபிளை இனம் காண்பதில் முதல் பாடம் அங்கேதான் தொடங்குகிறது: படத்தை நம்பாதே, அடியில் இருக்கும் எழுத்தைப் படி.

1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குக் குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி விழுந்தது. குரோஸ் என்றால் 144 பெட்டி. அந்த வரிச்சுவரின் நிழலில் இரண்டு முயற்சிகள் வேர்பிடித்தன. ஒன்று, ஸ்வீடன் முதலாளிகள் 1923-ல் தொடங்கிய விம்கோ என்ற வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. மற்றொன்று சிவகாசி. உறவினர்களான பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். அங்கே குடியேறிய ஜப்பானியரிடமிருந்து வங்காளிகள் கற்ற கைத்தொழில் அது என்று தொழில் வரலாறு சொல்கிறது. மாதக்கணக்கில் தங்கிக் கற்றுக்கொண்டு திரும்பியவர்கள் 1923-ல் ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். மழை பொய்க்கிற கரிசல் காடு. விவசாயத்துக்குச் சாபமான அந்தக் காய்ந்த காற்று, மருந்தில் முக்கியெடுத்த குச்சிக்கு வரமாக இருந்தது. முதலில் எரியும்போது பச்சையும் சிவப்புமாக ஒளிவிடும் வண்ணக் குச்சி, பிறகு பெட்டியின் பக்கவாட்டில் மட்டும் உரசினால் பற்றுகிற சேஃப்டி மேட்சஸ் என்று தொழில் நகர்ந்தது. 1926-ல் இருவரும் தனித்தனியானபோது அய்ய நாடார் அணிலை எடுத்துக்கொண்டார். சண்முக நாடார் காக்காவை. தெய்வமும் ராஜாவும் நிறைந்திருந்த சந்தையில், வீட்டு முற்றத்துக்கு வந்துபோகிற இரண்டு உயிர்களை நிறுத்தியது மிகப் பெரிய வியாபாரக் கூர்மை என்றே நினைக்கிறேன். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாத படம் அல்லவா!

லேபிளை வெளியூரில் அச்சிட்டு எத்தனை நாள் கட்டுப்படியாகும்? சிவகாசியிலேயே லித்தோ எனும் கல்லச்சு அச்சகங்கள் எழுந்தன. காலண்டரும் டைரியும் பாடப்புத்தகமும் அச்சிடுகிற இன்றைய சிவகாசி, இந்தச் சின்னத் தாளுக்காக வாங்கிய மெஷினில் தொடங்கியது. நேரு ‘குட்டி ஜப்பான்’ என்று சொன்னதாக ஊரே பெருமையோடு சொல்லும். இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு வெடி வராமல் போக, 1940-ன் வெடிபொருள் விதிகளின்படி லைசென்ஸ் வாங்கிப் பட்டாசு ஆபீஸ்கள், அதாவது ஆலைகள், தொடங்கியபோதும் லேபிளுக்கு அதே அச்சகங்கள்தான்.

நல்லபடியாக ஓடுகிற மார்க்கின் படத்தை முதலாளி மாற்ற மாட்டார். மாற்றினால் வாங்குகிறவர் குழம்பிவிடுவார். அதனால் அணில் ஐம்பது ஆண்டுகளுக்கும் அதே அணில். ஆனால் அரசாங்கம் மாறும், காசு மாறும், மாவட்டத்தின் பெயர் மாறும். அவையெல்லாம் படத்தின் அடியில் எறும்பளவு எழுத்தில் பதிவாகிக்கொண்டே வந்தன. ஒரே படத்தின் பத்து வகைகளைப் பிரித்துக் காலவரிசையில் அடுக்க முடிவது இந்த எழுத்தால்தான்.

விலை நயா பைசாவில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கும் 1964 ஜூனுக்கும் இடைப்பட்டது. அந்த ஏழே ஆண்டுச் சரக்கு. சென்னை மாநிலம் என்றிருந்தால் 1969-க்கு முந்தையது. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. மாவட்டப் பெயர் இன்னும் துல்லியம். ராம்நாடு என்று போட்டிருந்தால் 1985-க்கு முன். காமராஜர் மாவட்டம் என்று இருந்தால் 1985-லிருந்து 1997 வரை. அதற்குப் பிறகுதான் விருதுநகர் மாவட்டம். பழைய தாள் தீரும்வரை ஒட்டுவார்கள் என்பதால் ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கலாம். ஆனாலும் ஒரு நூறு லேபிளைத் தரையில் பரப்பி இப்படி அடுக்கிப் பார்த்தால், தென்மாவட்டத்தின் அரை நூற்றாண்டு நிர்வாக வரலாறே கண்முன் கிடக்கும்.

அதற்கும் முந்தைய அடையாளம் பாண்ட்ரோல். 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரிச் சட்டம் வந்ததும், வரி கட்டியதற்குச் சாட்சியாக ஒரு நீளத் தாள்பட்டையை ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்ட வேண்டியிருந்தது. பட்டையைக் கிழித்தால்தான் பெட்டி திறக்கும். குச்சிகளின் எண்ணிக்கையை வைத்து, நாற்பது, அறுபது, எண்பது என்று வரி ஏறியதால், எண்ணிக்கையும் பார்க்க வேண்டிய குறிப்பாயிற்று. பட்டையின் தடமே இல்லாத சிவகாசிப் பெட்டி கிடைத்து, மற்ற குறிகளும் பழமையைச் சொன்னால், அது தொழில் பிறந்த முதல் பத்தாண்டுகளின் சரக்காக இருக்கலாம். சேகரிப்பவர்கள் கொண்டாட வேண்டியது அதைத்தான்.

பூதக்கண்ணாடியும் வேண்டும். பழைய லித்தோவில் ஓவியர் கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். நிறம் கோட்டைத் தாண்டி வழியும். பின்னால் வந்த ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். பழைய எழுத்தோடும் விலையோடும் ஒரு லேபிள் வந்து, புள்ளிகள் மட்டும் வரிசைகட்டி நின்றால் அது மறுபதிப்பு. ஓடுகிற மார்க்கைப் பார்த்து வரைந்த போலிகளைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் சில காலம் நடந்து மூடிய சிறு தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு அந்தப் போலி லேபிளைத் தவிர வேறு சாட்சியே மிஞ்சாமல் போயிருக்கும். டஜன் கட்டின்மேல் ஒட்டுகிற பெரிய லேபிளும், குரோஸ் பண்டலின் லேபிளும் அரியவை. கடைக்காரர் பண்டலைப் பிரித்தவுடன் கிழித்துப் போட்டுவிடுவதால் அவை தப்பியது அபூர்வம்.

இந்தத் தாள்களை ஒட்டிய கைகளைச் சொல்லாமல் கதை முடியாது. குச்சிகளைக் கட்டையில் அடுக்கியதும், பெட்டி ஒட்டியதும், லேபிள் ஒட்டியதும் பெரும்பாலும் பெண்கள். கூடவே பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைகள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னது. பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ திரைப்படம் அந்தப் பிள்ளைகளின் கதைதான். அதனால் அச்சகத் தாளிலிருந்து கசங்காமல் வெட்டியெடுத்த லேபிளைவிட, கோணலாக ஒட்டப்பட்டுப் பெட்டியோடு வந்த லேபிளையே நான் மேலாக மதிக்கிறேன். அதை ஒருவர் ஒட்டியிருக்கிறார்.

மரச்சீவல் பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்ததும் படம் அட்டையிலேயே அச்சாகிவிட்டது. தனித்தாளாக ஒட்டுகிற வேலை போயிற்று. 2007-ல் ஒரு ரூபாயான பெட்டி, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. அட்டைப்பெட்டியை யாரும் எடுத்து வைப்பதாகத் தெரியவில்லை. ஒரு ரூபாய் விலை போட்டதை இப்போதே எடுத்து வைக்க வேண்டும்.

வீட்டுப் பரணில் பழைய மரச்சீவல் தீப்பெட்டி எதுவும் அகப்பட்டால், தயவுசெய்து லேபிளைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரிக்காதீர்கள். பாண்ட்ரோலின் கிழிந்த நுனி, பக்கவாட்டு மருந்துப் பட்டை, அடிப்பெட்டியின் மரச்சீவல், உள்ளே மிஞ்சிய ஒற்றைக் குச்சி எல்லாம் சேர்ந்துதான் வயதைச் சொல்லும். பெட்டியை அப்படியே ஈரம் படாத தாளில் சுற்றி, எந்த ஊரில், யார் வீட்டில் கிடைத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே வைத்துவிடுங்கள்.