அதிரம்பாக்கத்துக் களிமண்

1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட். அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் அதிரம்பாக்கம் போனார். சென்னைக்கு வடமேற்கே, கொசஸ்தலையாற்றுப் படுகையில், ஓடைகள் அரித்த பள்ளங்களில் கைக்கோடரிகள் கிடந்தன. அவற்றைச் செதுக்கியவர்கள் எப்போது வாழ்ந்தார்கள் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

காரணம் எளிது. கரிமக் காலக்கணிப்பு சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் காலம் கணிக்க உதவிய எரிமலைச் சாம்பல் அடுக்குகள் இங்கே இல்லை.

1999-இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழத் தொடங்கினார்கள். அடியில் இருந்த களிமண் அடுக்கில் கைக்கோடரிகளோடு விலங்குகளின் குளம்புத் தடங்களும் பதிந்திருந்தன. அந்தக் களிமண்ணே முதல் சாட்சி. நீரில் படியும்போது அதிலுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் அன்றைய காந்தப் புலத்தின் திசைக்குத் திரும்பி, அப்படியே நின்றுவிடுகின்றன. இத்தகைய ஆய்வில் குழியின் சுவரைச் செதுக்கிச் சமன்செய்து, வடதிசையைக் குறித்துக்கொண்டே மாதிரியை வெட்டி எடுக்க வேண்டும். திசை தவறினால் மண்ணால் பயனில்லை. ஆய்வகத்தில், பிற்காலத்தில் ஏறிய காந்தத்தைப் படிப்படியாக நீக்கினால் பழைய திசை தெரியவரும். அதிரம்பாக்கத்து அடிக் களிமண் இன்றைய திசைக்கு நேரெதிர்த் திசையைக் காட்டியது. புவிக் காந்தம் கடைசியாகத் தலைகீழாய் மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கும் முன்னே, 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, அது சிறிது காலம் இன்றைய திசையிலேயே இருந்தது. அந்த இடைவேளையின் தடம் இந்தக் களிமண்ணில் எங்குமே இல்லை. ஆகவே களிமண் அதற்கும் முந்தியது.

எவ்வளவு முந்தியது? அதைக் கருவிகளே சொல்லின. வெயிலில் கிடக்கும் கல்லின் குவார்ட்ஸில் காஸ்மிக் கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டையும் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்ததும் உற்பத்தி நின்றுபோகும். அலுமினியம் பெரிலியத்தைவிட இருமடங்கு வேகமாகச் சிதைவதால், மிஞ்சிய விகிதம் புதைந்த காலத்தைக் கொடுக்கும். 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கணக்கு 15.1 லட்சம் ஆண்டுகள். பிழை வரம்பு 70,000.

ஒன்றையொன்று சாராத இரு முறைகள் ஒத்துப்போனதுதான் இந்த ஆய்வின் வலிமை. தென்னிந்தியாவில் கைக்கோடரி மரபு இவ்வளவு தொன்மையானது என்பதைப் பலர் அதுவரை எதிர்பார்க்கவில்லை.

மேலடுக்குகளின் கதை 2018-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஒளிர்வுக் காலக்கணிப்பின்படி, பெரிய கைக்கோடரிகள் குறைந்து சிறு செதில் கருவிகள் பெருகிய மாற்றம் இங்கே சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.